மின்கார் வாங்கும் முன் மின்கட்டண ரசீதைப் பாருங்கள்: வீட்டு மின்னூட்டி சொல்லும் கணக்கு

கோலாலம்பூர்: மின்சாரக் கார் என்பது வசதி படைத்தவர்களின் பொருள் என்ற நிலை மாறி வருகிறது. 2025 அக்டோபர் இறுதியில் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 5 காரின் தொடக்க விலை 60,000 வெள்ளிக்கும் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த பெரோடுவா கியூவி-இ, பேட்டரி இல்லாமல் 80,000 வெள்ளிக்கு விற்கப்படுகிறது. பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை. மைவியும் சாகாவும் நிற்கும் தாமான் வீட்டு வாசல்களில் அடுத்த கார் மின்காராக இருக்கலாமா என்ற பேச்சு இப்போது நம் குடும்பங்களிலும் எழுகிறது.

அரசாங்கச் சலுகைகளின் காலமும் மாறியிருக்கிறது. முழுமையாக இறக்குமதி செய்யப்படும் மின்கார்களுக்கான இறக்குமதி வரி, கலால் வரி விலக்கு 2025 டிசம்பர் 31 உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு மட்டும் அது 2027 இறுதி வரை நீடிக்கிறது. இதுவரை இலவசமாக இருந்த சாலை வரியும் 2026 ஜனவரி முதல் மின்கார்களுக்கு வந்துவிட்டது. ஆகவே, மின்கார் மிச்சம் பிடித்துத் தருமா என்ற கேள்விக்கான விடை காரின் விலையில் மட்டும் இல்லை. அந்தக் காருக்கு எங்கே, எந்த விலையில் மின்னூட்டம் கிடைக்கிறது என்பதில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

கார் விற்பனைக் கூடங்களில் சுவரில் பொருத்தும் மின்னூட்டியை இலவசமாகவோ தள்ளுபடியிலோ சேர்த்துத் தருவதாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பெட்டியை மாட்டப்போகும் வீட்டின் மின்கட்டண ரசீதையும் மெயின் சுவிட்சையும் அங்கே யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை. முடிவு செய்ய வேண்டியவை அந்த இரண்டுமே.

600 யூனிட் என்னும் கோடு

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் தெனாகா நேஷனலின் புதிய கட்டண முறை நடப்பில் உள்ளது. பழைய முறையில் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100க்கு ஒரு விலை என்று படிப்படியாக ஏறும். புதிய முறையில் மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். ஆக, யூனிட்டுக்கு 44.43 சென். யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி நேரம்.

இந்த 44 சென்னை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும். 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சேமிப்பு ஊக்கத்தொகை என்ற கழிவு உண்டு. குறைவாகப் பயன்படுத்துவோருக்கு அதிகக் கழிவு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென், 351 முதல் 400 வரை 17 சென், 551 முதல் 600 வரை 9 சென், 601 முதல் 650 வரை 7.5 சென் என்று அது குறைந்துகொண்டே போகும். மொத்தப் பயன்பாடு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியின் கழிவுதான் எல்லா யூனிட்டுக்கும் கிடைக்கும். கார் சேர்ந்து மீட்டர் ஏறும்போது, விளக்குக்கும் மின்விசிறிக்கும் கிடைத்து வந்த கழிவும் சேர்ந்தே குறைகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் ஒரு குடும்பத்தின் அடிப்படைக் கட்டணம் 109 வெள்ளி 72 சென். அக்குடும்பம் ஒரு மின்கார் வாங்கி மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னூட்டத்தின்போது வீணாவதையும் சேர்த்து அதற்கு ஏறத்தாழ 250 யூனிட் தேவைப்படும். மொத்தம் 650 யூனிட். இப்போது கட்டணம் 250 வெள்ளி 5 சென். ஏற்றம் 140 வெள்ளிக்கு மேல். அதாவது காருக்குச் செலவான ஒவ்வொரு யூனிட்டுக்கும் உண்மையில் கொடுத்த விலை 44 சென் அல்ல, 56 சென்.

இந்த ஏற்றத்தில் 600 யூனிட் கோட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டாத வீடுகளுக்கு மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது. எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டும் தொகையும் கிடையாது. 8 விழுக்காடு சேவை வரியும் 600க்கு மேல் போகும் யூனிட்டுகளுக்கே விதிக்கப்படுகிறது. 600 யூனிட்டில் நிற்கும் வீட்டின் அடிப்படைக் கட்டணம் 212 வெள்ளி 58 சென். 601ஆவது யூனிட் விழுந்தால் அது 231 வெள்ளி 95 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளிக்கு மேல் ஏற்றம்.

மேல் தட்டிலும் இப்படி ஒரு கோடு உண்டு. மாதம் 1,500 யூனிட்டைத் தாண்டினால் எரிசக்திக் கட்டணம் 27.03 சென்னிலிருந்து 37.03 சென்னாக உயரும். குளிர்சாதனம் அதிகம் ஓடும் கூட்டுக் குடும்பங்கள் இரண்டாவது மின்கார் வாங்கும்போது இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்ரோலுடன் ஒப்பிட்டால்

2025 செப்டம்பர் 30 அன்று பொதுமக்கள் அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட பூடி 95 திட்டம் ரோன் 95 பெட்ரோலை லிட்டர் 1 வெள்ளி 99 சென்னுக்குத் தருகிறது. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் 1,500 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 107 லிட்டர் குடிக்கும். செலவு 213 வெள்ளி. மேலே கண்ட வீட்டில் மின்காருக்கு ஆன செலவு 140 வெள்ளி. மாதம் 70 வெள்ளி போல மிச்சம். எண்ணெய் மாற்றும் செலவு இல்லாததால் பராமரிப்பிலும் கொஞ்சம் மிஞ்சும்.

அதே குடும்பம் வீட்டில் மின்னூட்ட வசதியில்லாமல் வெளியிலுள்ள விரைவு நிலையங்களையே நம்பியிருந்தால் கணக்கு தலைகீழாகும். டிசி விரைவு மின்னூட்டத்துக்குப் பல இடங்களில் யூனிட்டுக்கு 1 வெள்ளிக்கும் மேல் வாங்குகிறார்கள். 1 வெள்ளி 20 சென் என்று வைத்தாலும் 250 யூனிட்டுக்கு 300 வெள்ளி. மானிய விலைப் பெட்ரோலைவிட 87 வெள்ளி கூடுதல். 2025க்குள் நாடு முழுவதும் 10,000 பொது மின்னூட்டிகள் என்ற அரசாங்க இலக்கும் எட்டப்படவில்லை.

ஆக, இன்றைய விலைகளில் மின்கார் மலிவானது என்பது வீட்டு வாசலில் மின்சாரம் எடுக்க முடிந்தவருக்கு மட்டுமே உண்மை. தரைவீட்டுக்காரருக்குக் கிடைக்கும் அந்த மிச்சம், அடுக்குமாடியில் இருப்பவருக்கும் தோட்டக் குடியிருப்பில் இருப்பவருக்கும் எளிதில் கிட்டுவதில்லை.

எத்தனை கிலோவாட் தேவை?

வீட்டில் மின்னூட்ட மூன்று வழிகள் உண்டு. முதலாவது, சாதாரண மூன்று முனை பிளக்கில் செருகும் கையடக்க மின்னூட்டி. இது பெரும்பாலும் 10 ஆம்பியரில், அதாவது 2.3 கிலோவாட் வேகத்தில் இயங்கும். இரண்டாவது, ஒற்றை ஃபேஸ் இணைப்பில் சுவரில் பொருத்தும் மின்னூட்டி. 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட் தரும். மூன்றாவது, மூன்று ஃபேஸ் இணைப்பில் இயங்கும் 11 அல்லது 22 கிலோவாட் பெட்டி.

பெரிய எண் உள்ள பெட்டியை வாங்கினால் கார் விரைவாக நிறையும் என்று பலர் எண்ணுகிறார்கள். வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றும் கருவி சுவரில் இல்லை, காருக்குள் இருக்கிறது. அந்தக் கருவியின் அளவுக்கு மேல் எந்தப் பெட்டியாலும் மின்சாரத்தைத் திணிக்க முடியாது. 7 கிலோவாட்டுக்கு உட்பட்டதையே ஏற்கும் காருக்கு 22 கிலோவாட் பெட்டி வாங்குவது வீண் செலவு. காரின் விவரக் குறிப்பில் சாதாரண மின்னூட்டத்துக்கு எத்தனை கிலோவாட் என்று எழுதியிருக்கிறதோ அதுவே உச்ச வரம்பு.

அந்த வரம்பு வரைகூட எல்லாருக்கும் தேவைப்படாது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஒரு நாளில் 80 கிலோமீட்டர் போல ஓட்டுகிறார் என்றால், அன்றைய செலவு 13, 14 யூனிட். மூன்று முனை பிளக்கிலேயே இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை செருகி வைத்தால் அது நிறைந்துவிடும். 16 ஆம்பியரில், அதாவது 3.7 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் ஏற்றினால் 29 யூனிட் கிடைக்கும். இ.மாஸ் 5 காரின் சிறிய பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 30 யூனிட்தான்.

நாள்தோறும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள், ஒரே வீட்டில் இரண்டு மின்கார் வைத்திருப்போர், பகலும் இரவும் மாறி மாறி வேலைக்குப் போவோர் ஆகியோருக்கே 7 கிலோவாட் பெட்டி உண்மையில் கைகொடுக்கும். மற்றவர்களுக்கு அது ஒரு வசதிதான். பெட்டியும் பொருத்துக் கூலியும் சேர்த்து 4,000 வெள்ளி ஆனால், மாதம் 70 வெள்ளி மிச்சத்தில் அதை ஈட்ட நான்கரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

மூன்று முனை பிளக்கில் மின்னூட்டுவோர் கவனிக்க வேண்டியது வேகத்தை அல்ல, சூட்டை. கெட்டில் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். கார் எட்டு மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் இழுக்கும். தளர்ந்த சாக்கெட்டும் பழைய வயரும் அந்த நேரத்தில் உருகத் தொடங்கும். நீட்டிப்பு வயர் போட்டு ஒருபோதும் மின்னூட்டக் கூடாது. மெயின் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி வயர் இழுத்துப் புதிய சாக்கெட் வைப்பது சுவர் மின்னூட்டியைவிடப் பல மடங்கு மலிவு. பலருக்கு அதுவே போதும்.

பழைய தாமான் வீடுகளின் மெயின் சுவிட்ச்

ஒற்றை ஃபேஸ் இணைப்புள்ள வீட்டுக்கு தெனாகா நேஷனல் கணக்கிடும் உச்ச அளவு 12 கிலோவோல்ட் ஆம்பியர். அதாவது ஏறத்தாழ 50 ஆம்பியர். இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று கூட்டிப் பார்க்கலாம். குளியலறைச் சுடுநீர்க் கருவி 3.6 கிலோவாட். இரண்டு அறைகளில் குளிர்சாதனம் 2 கிலோவாட். கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ 2 கிலோவாட். அதற்கு மேல் 7.4 கிலோவாட் மின்னூட்டி. மொத்தம் 15 கிலோவாட், அதாவது 65 ஆம்பியர். மெயின் சுவிட்ச் விழுந்தால் நல்லது. விழாமல் வயர் சூடேறினால்தான் ஆபத்து.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மின்னூட்டியை 16 ஆம்பியருக்குக் குறைத்து அமைப்பது முதல் வழி. இதற்குக் கூடுதல் செலவில்லை. வீட்டின் மொத்தப் பயன்பாட்டை அளந்து, சுடுநீர் ஓடும்போது காருக்குப் போகும் மின்சாரத்தைத் தானாகக் குறைக்கும் சுமைப் பங்கீட்டு வசதியுள்ள பெட்டியை வாங்குவது இரண்டாவது. மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மாறுவது மூன்றாவது. அதற்குப் பதிவு பெற்ற மின் குத்தகையாளர் மூலம் தெனாகா நேஷனலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டு மெயின் பெட்டியையும் மாற்ற வேண்டிவரும். செலவு மின்னூட்டியின் விலையையே தாண்டலாம். ஒரு காருக்காக மட்டும் இந்த மூன்றாவது வழியில் இறங்குவதற்கு முன் முதல் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

யார் பொருத்த வேண்டும்?

தெரிந்தவர், கோயில் திருவிழாவுக்கு விளக்குப் போட்டவர், குறைந்த கூலிக்கு வருபவர் என்று ஆள் தேடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மின்னூட்டி விஷயத்தில் அது சட்டத்துக்கும் பொருந்தாது, உயிருக்கும் பாதுகாப்பல்ல. 1994 மின்சார ஒழுங்குமுறை விதிகளின்படி இவ்வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரே எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேலையை மேற்பார்வையிட்டுச் சோதித்து, போராங் ஜி, போராங் எச் ஆகிய இரண்டு பத்திரங்களில் கையொப்பமிட வேண்டும். முதலாவது வேலை முறைப்படி முடிந்ததற்கான சான்று. இரண்டாவது சோதனை முடிவுகளுக்கான சான்று. மூன்று ஃபேஸ் வேலைக்கு அதற்குரிய தகுதிச் சான்று உள்ள வயர்மேன் வேண்டும். நாளை தீ விபத்து நேர்ந்து காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்டால் இந்தப் பத்திரங்கள்தாம் கைகொடுக்கும்.

வேலைக்கு வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. மின்னூட்டிக்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் உண்டா? 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் பொதுவாகப் போடப்படுகிறது. மெயின் பெட்டி வெகு தூரத்தில் இருந்தால் 10 சதுர மில்லிமீட்டர் தேவைப்படலாம். மின்கசிவைத் துண்டிக்கும் கருவி எந்த வகை? பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஏசி வகை. காரின் பேட்டரிப் பக்கமிருந்து டிசி மின்சாரம் கசிந்தால் அந்த வகைக் கருவி மரத்துப்போகும். ஆள் மேல் மின்சாரம் பாய்ந்தாலும் துண்டிக்காமல் போகலாம். ஆகவே 30 மில்லி ஆம்பியர் ஏ வகைக் கருவியோடு 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவை உணரும் வசதி மின்னூட்டியிலேயே இருக்க வேண்டும். அது இல்லையென்றால் விலை கூடிய பி வகைக் கருவி தேவை. நில இணைப்பின் எதிர்ப்பு அளக்கப்பட்டதா என்பது கடைசிக் கேள்வி. முப்பது, நாற்பது ஆண்டு பழைய வீடுகளில் பூமியில் அடித்த கம்பி துருப்பிடித்திருப்பது அரிதல்ல.

பெட்டியை மாட்டும் இடமும் முக்கியம். மழைச்சாரல் படும் வாசலில் ஐபி65 தரமுள்ள பெட்டி தேவை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா தாமான் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பகுதிகளில் முன்பு தண்ணீர் ஏறிய அடையாளத்துக்கு மேலேதான் மின்னூட்டியும் அதன் சுவிட்சும் இருக்க வேண்டும். இடி மின்னல் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் மெயின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் வைப்பது சிறிய செலவில் பெரிய பாதுகாப்பு.

அடுக்குமாடியும் தோட்ட வீடும்

அடுக்குமாடிகளில் வாகன நிறுத்துமிடமும் அங்கே வரும் மின்சாரமும் பெரும்பாலும் பொதுச் சொத்தைச் சார்ந்தவை. 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் இயங்கும் கூட்டு நிர்வாக அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் அங்கே எதையும் பொருத்த முடியாது. கட்டடத்தின் மொத்த மின்சுமை தாங்குமா, மீட்டர் யார் பெயரில், பராமரிப்பு யார் பொறுப்பு, தீயணைப்புத் துறையின் பாதுகாப்பு விதிகள் நிறைவேறுமா என்ற கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். ஒருவராகக் கேட்பதைவிட, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பலர் சேர்ந்து சில பொது மின்னூட்டிகளைக் கேட்பது பலன் தரும். இத்தகைய கூட்டங்களுக்கு நம்மவர்கள் போகாமல் இருப்பதன் விலை இப்போது தெரியத் தொடங்கும். மாடியிலிருந்து கீழே வயரைத் தொங்கவிட்டு மின்னூட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

தோட்டக் குடியிருப்புகளில் நிலைமை வேறு. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம்; சுவரில் ஆணி அடிப்பதற்கே கேட்க வேண்டிய இடத்தில் 32 ஆம்பியர் வயர் இழுக்க எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். வேலை ஓய்வில் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர், நிலையாகப் பொருத்தும் பெட்டியில் பணம் போடுவதும் பொருத்தமல்ல. அவர்களுக்கு முதல் மின்வாகனம் காராக இல்லாமல் மோட்டார் சைக்கிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மின் மோட்டார் சைக்கிளின் பேட்டரி சில யூனிட் மட்டுமே கொள்ளும். நல்ல நிலையிலுள்ள சாதாரண சாக்கெட் போதும். மாதப் பயன்பாடு 200, 300 யூனிட்டுக்குள் இருக்கும் அவ்வீடுகளுக்குக் கட்டணக் கழிவிலும் பெரிய இழப்பு வராது.

இரவு நேரக் கட்டணமும் வரிக் கழிவும்

ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகள் நேரத்துக்கேற்ற கட்டண முறைக்கு மாறலாம். வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எரிசக்திக் கட்டணம் 28.52 சென். மற்ற நேரங்களிலும் வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் 24.43 சென். காரின் 250 யூனிட்டையும் இரவு 10 மணிக்கு மேல் ஏற்றினால் மாதம் 6 வெள்ளி 50 சென் மிஞ்சும். பெரிய தொகை இல்லை. மாலையில் குளிர்சாதனம் அதிகம் ஓடும் வீடுகளில் அதுவும் கரைந்துவிடும். ஆனாலும் இரவு 10 மணிக்குப் பிறகு மின்னூட்டுவது வீட்டு மெயினுக்கு நல்லது.

மின்னூட்டி வாங்கவும் பொருத்தவும் வாடகைக்கு எடுக்கவும் ஆகும் செலவில் 2,500 வெள்ளி வரை தனிநபர் வருமான வரிக் கழிவு 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு. இது கைக்கு வரும் 2,500 வெள்ளி அல்ல. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து அத்தொகை கழிக்கப்படும். 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 275 வெள்ளி, 19 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 475 வெள்ளி மிஞ்சும். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு எதுவும் இல்லை. ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரே கோர முடியும் என்பதால், கணவன் மனைவியில் அதிக வரி கட்டுபவர் பெயரில் வாங்குவது புத்திசாலித்தனம்.

எதை முதலில் செய்வது?

கடந்த ஆறு மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்து, மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறோம் என்று எழுத வேண்டும். ஆறு கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் என்று கூட்டினால் புதிய மொத்தம் தெரிந்துவிடும். அது 600ஐச் சற்றே தாண்டும் வீடுகள் வேறு மின்செலவைக் கொஞ்சம் குறைத்தாலோ, மாதம் ஓரிரு முறை வேலையிடத்தில் மின்னூட்டினாலோ கோட்டுக்குள் நிற்கலாம். அடுத்து, பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து மெயின் பெட்டியையும் நில இணைப்பையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். சாக்கெட் போதுமா, சுவர் மின்னூட்டி தேவையா என்று அவர் சொன்ன பிறகு விலை விசாரிக்கலாம். காருக்கு முன்பணம் கட்டுவது இதற்கெல்லாம் பிறகு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் வரை எந்தப் பத்திரத்திலும் கையொப்பமிடாமல் இருப்பது நல்லது.